அலாஸ்காப் பயணத்துக்கு முதலில் வழி, பிறகு கப்பல்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போய் வந்தோம் என்று கொழும்பில் சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று, எவ்வளவு முடிந்தது என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றதை நக்கிள்ஸ் மலைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் நடந்து திரியும் பழக்கமுள்ள நண்பர்கள் கேட்கிறார்கள்: "மூவாயிரம் பேரோட ஒரு மாடிக் கட்டடத்துக்குள்ள இருந்துகொண்டு என்ன காட்டைப் பார்க்கிறது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் கோடைகாலத்தில் ஓடும் பெரிய கப்பல்களில் சில 4,000 பயணிகளை ஏற்றுகின்றன. அவற்றில் நீச்சல் தடாகம், சூதாட்ட மண்டபம், நாடக அரங்கு ஆகியவை உண்டு. ஒன்றிரண்டு கப்பல்களின் மேல்தளத்தில் பயணிகள் ஓட்டும் சிறு கார்ப் பந்தயத் தடம்கூட உண்டு. பனியாறுகளையும் திமிங்கிலங்களையும் பார்ப்பதற்காக உலகின் மறுகோடிக்குப் போகிற ஒருவருக்கு இவை எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய கப்பலே சரியான தெரிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பெரிய கப்பல் என்று முடிவெடுத்த பிறகுதான் உண்மையான தெரிவு தொடங்குகிறது என்பதையும், பெரும்பாலானோர் அந்த இடத்தில் தவறான பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். விளம்பரங்கள் கப்பலை விற்கின்றன. நாம் வாங்க வேண்டியது அது போகும் வழியை.

முதலில், ஏன் பெரிய கப்பல். எங்களோடு வந்தவர்களில் எழுபதைத் தாண்டிய அம்மா இருந்தார். முழங்கால் வலி காரணமாக அவரால் பத்துப் படிகளுக்கு மேல் தொடர்ந்து ஏற முடியாது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மகள் இருந்தாள். ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்து சேர்வதாக ஏற்பாடு. இத்தனை வயதும் இத்தனை விருப்பங்களும் கொண்ட ஒரு கூட்டத்தை ஒரு பனியாற்றின் முன்னால் ஒரே நேரத்தில் நிறுத்துவதற்கு, மின்தூக்கியும் மருத்துவரும் சக்கர நாற்காலி போகும் அகலமான வழிகளும் உள்ள கப்பலைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. அறுபது, எழுபது பேர் மட்டுமே போகும் சிறிய கப்பல்கள் உண்டு. அவை பெரிய கப்பல் நுழைய முடியாத ஒடுக்கமான நீர்வழிகளுக்குள் போகும். கரடி தெரிந்தால் அந்த இடத்திலேயே நிற்கும். சிறு படகுகளில் பயணிகளை இறக்கித் துடுப்புப் போடவும் விடும். வனத்தை நெருங்கிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கட்டணம் பெரிய கப்பலின் மலிவான அறையைப் போலப் பல மடங்கு. அவற்றில் பலவற்றில் மின்தூக்கியும் இல்லை. இன்னொரு வழி அலாஸ்கா மாநில அரசே நடத்தும் படகுச் சேவை. 1963 முதல் ஓடும் இந்தச் சேவைதான் வீதியால் இணைக்கப்படாத ஊர்களின் மக்களுக்குப் பஸ் மாதிரி. வொஷிங்டன் மாநிலத்தின் பெலிங்ஹாமில் ஏறி, அறை எடுக்காமல், மேல்தளத்தில் கூடாரத்தை ஒட்டுநாடாவால் தளத்தோடு ஒட்டிக்கொண்டு உறங்கிப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு இருபத்தைந்து வயதாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அம்மாவோடு அல்ல.

இனி வழிக்கு வருகிறேன். அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் இரண்டு துறைகளிலிருந்து புறப்படுகின்றன: கனடாவின் வன்கூவர், ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஏழு இரவுகள், இறங்கும் துறைகளும் அதே ஜூனோ, அதே கெட்சிகன். கடலில் அவை ஒன்றல்ல. வன்கூவரிலிருந்து புறப்படும் கப்பல் வன்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய நீர்வழியால் வடக்கே போகும். இரண்டு பக்கமும் காடு, மலை, ஆங்காங்கே ஒரு கலங்கரை விளக்கம். தண்ணீர் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்களில் பல அந்தத் தீவுக்கு வெளிப்புறமாக, பசிபிக்கின் திறந்த கடலால் போகின்றன. அங்கே கரை தெரியாது, அலை இருக்கும், தலைச்சுற்று உள்ளவர்கள் முதல் நாளிலேயே படுத்துவிடுவார்கள். சியாட்டிலுக்கு விமானக் கட்டணம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஏழில் இரண்டு நாள்களின் காட்சியை அதற்காகக் கொடுக்கிறோம். அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வருகிறார்கள் என்பதால் எங்களுக்கு இதில் அதிக விவாதம் இருக்கவில்லை.

மூன்றாவது வகையும் உண்டு: வன்கூவரில் ஏறி, திரும்பி வராமல், அலாஸ்காவின் நடுப்பகுதியில் உள்ள சீவர்ட் அல்லது விற்றியர் துறையில் இறங்குவது. அப்படிப் போனால் கப்பல் இன்னும் வடக்கே போகும். இறங்கிய பிறகு ரயிலில் டெனாலி தேசியப் பூங்காவுக்கும் போகலாம். காட்சியின் அளவில் இதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம். ஆனால் 6,190 மீற்றர் உயரமான டெனாலி மலை பெரும்பாலான நாள்களில் மேகத்துக்குள் மறைந்தே இருக்கும். அதோடு, ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் வேறாகும்போது கொழும்பிலிருந்து போகிறவருக்கு விமானச் சீட்டின் விலை எகிறிவிடுகிறது.

இந்த இடத்தில், எம்மைப் போன்ற கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை நேரடியாகப் பாதிக்கும் ஒரு பழைய சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பயணிகள் கப்பல் சேவைச் சட்டம், அந்த நாட்டில் பதிவு செய்யப்படாத கப்பல்கள் அதன் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நேரே பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது; புறப்பட்ட துறைக்கே திரும்பி வரும் பயணமென்றாலும் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் ஏறத்தாழ எல்லாமே பஹாமாஸ், பெர்மியூடா, பனாமா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுவதால் இந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்ரோறியாவில் சில மணி நேரம் தரித்து நிற்பது அந்த ஊரின் பூந்தோட்டங்களுக்காக மட்டுமல்ல. இதன் விளைவு என்னவென்றால், வன்கூவரில் ஏறினாலும் சியாட்டிலில் ஏறினாலும் இலங்கையர் ஒருவருக்கு இரண்டு நாடுகளின் விசாவும் வேண்டும். "அமெரிக்காவில் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருப்பேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. வன்கூவர்த் துறையில் கப்பலில் ஏறுவதற்கு முன்னரே ஐக்கிய அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகிறார்கள். வன்கூவருக்குத் திரும்பி வரும்போது மறுபடி கனடாவுக்குள் நுழைகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

விசா கிடைப்பதற்கு முன் கப்பலுக்கு முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். கப்பல் நிறுவனங்கள் பொதுவாக முற்பணத்தைப் பெற்றுக்கொண்டு, மீதியைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் கேட்கும். அந்தத் திகதிக்குப் பிறகு விலகினால் பணத்தின் பெரும்பகுதி போய்விடும். கொழும்பில் ஐக்கிய அமெரிக்க விசா நேர்முகத்துக்கான காத்திருப்பு சில காலங்களில் மிக நீண்டுவிடுவதால், அந்தக் கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குச் சீட்டுப் போட்டுத் தந்த முகவர், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பணத்தைக் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தினார். நாங்கள் கேட்கவில்லை. அவசரம் அவருக்கு.

அடுத்தது பனியாறு. இதில்தான் விளம்பரத்தின் மொழி மிகவும் வழுக்குகிறது. "பனியாற்றுக் காட்சி" என்று எல்லா நிறுவனங்களும் போடுகின்றன. எந்தப் பனியாறு என்று பார்க்காமல் பணம் கட்டுபவர்கள் ஏராளம். பெரிய கப்பல்கள் போகும் இடங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது கிளேசியர் பே என்ற குடா, ஒரு தேசியப் பூங்கா. இதற்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. அந்த அனுமதியும் சில நிறுவனங்களிடமே இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் எல்லாக் கப்பல்களுக்கும் எல்லாப் பயணங்களுக்கும் கிடைப்பதும் இல்லை. ஆகவே கப்பலின் பெயரைப் பார்ப்பது போதாது. குறிப்பிட்ட அந்தத் திகதியின் பயண அட்டவணையில் "கிளேசியர் பே" என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற கப்பல் ஒரு முழுப் பகலையும் அந்தக் குடாவுக்குள் செலவிடுகிறது. எந்தத் துறையிலும் இறங்குவதில்லை. காலையில் பூங்காவின் காவல் அதிகாரிகள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணியால் ஏறிக்கொள்கிறார்கள். மாலை வரை ஒலிபெருக்கியில் அவர்களே விளக்கம் தருகிறார்கள். திமிங்கிலங்கள் கூடும் பகுதிகளில் கப்பலின் வேகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

அந்தக் குடாவின் வரலாறே ஒரு காட்சிதான். 1794இல் வன்கூவர் என்ற கடற்படைத் தலைவரின் குழு அந்தக் கரையை அளந்தபோது அங்கே குடா என்று சொல்லத்தக்கதாக எதுவும் இருக்கவில்லை. வாயிலிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் ஜோன் மியூர் என்ற இயற்கையியலாளர் துடுப்புப் படகில் வந்தபோது பனி பல பத்துக் கிலோமீற்றர் உள்ளே பின்வாங்கியிருந்தது. 1916 அளவில் அது 105 கிலோமீற்றர் வரை போய்விட்டது. கப்பல் காலையிலிருந்து நண்பகல் வரை ஓடும் அந்தத் தூரம் முழுவதும் ஏழு தலைமுறைக்கு முன்னர் பனிக்கட்டி. வாயிலை அண்டிய பகுதியில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் முதிர்ந்த காடு; உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகி, புதராகி, பாசியாகி, இறுதியில் வெறும் பாறை. பனி எப்போது விலகியதோ அந்த வரிசையிலேயே உயிர்கள் வந்து குடியேறியிருக்கின்றன. இந்தப் பின்வாங்கலின் பெரும்பகுதி தொழிற்சாலைப் புகைக்காலத்துக்கு முந்தியது, சில நூற்றாண்டுகள் குளிர் கூடியிருந்த சிறு பனிக்காலம் முடிந்ததன் விளைவு என்பதைப் பூங்கா அதிகாரி தெளிவாகவே சொன்னார். இன்று மற்றப் பனியாறுகள் மெலியும் வேகத்தின் காரணம் வேறு என்பதையும் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அந்தப் பனி அங்கே என்றென்றும் இருந்ததல்ல. அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் ஹூனா கிளிங்கிற் என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை விரட்டியது. பனி விலகிய பிறகு அரசின் பூங்காச் சட்டங்கள் அவர்கள் பழையபடி வேட்டையாடவும் முட்டை பொறுக்கவும் தடையாயின. 2016இல்தான் பூங்கா நிர்வாகமும் அவர்களும் சேர்ந்து குடாவின் வாயிலருகே பார்ட்லெற் கோவ் என்ற இடத்தில் ஒரு குலமண்டபத்தைக் கட்டினார்கள். ஊரைவிட்டு எழுந்து, ஒரு தலைமுறை கழித்துப் போய்ப் பார்த்தபோது காணிக்கு வேறு ஒருவர் எல்லை போட்டிருந்ததைக் கண்ட அம்மாவுக்கு இந்தக் கதையை நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கும் முன்னரே விளங்கிவிட்டது.

இரண்டாவது ஹபார்ட் பனியாறு. 122 கிலோமீற்றர் நீளம், கடலைத் தொடும் முகப்பு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலம். மற்றவை பின்வாங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் பக்கத்தில், மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கை ஒன்றின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. அளவில் கிளேசியர் பேயில் நீங்கள் பார்க்கும் எதையும்விடப் பெரியது. ஆனால் மிதக்கும் பனி அதிகமான நாள்களில் கப்பல் தொலைவிலேயே நின்றுவிடும். மூன்றாவது வகை ட்ரேசி ஆம், எண்டிகொட் ஆம் என்ற ஒடுக்கமான கடற்கைகள். செங்குத்தான கருங்கல் மதில்களுக்கு இடையில் ஊர்ந்து போவது அழகுதான். ஆனால் பெரிய கப்பல் இறுதி வரை போகாமல் திரும்பிவிடுவதும் உண்டு, பனியாற்றுக்கு அருகில் போகச் சிறு படகுக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. 2025 ஓகஸ்டில் ட்ரேசி ஆமில் பெரும் மண்சரிவு ஏற்பட்டு ஆழிப்பேரலையும் எழுந்தது. நல்வேளையாக அந்த நேரத்தில் அங்கே கப்பல் எதுவும் சிக்கவில்லை. முதற்தடவை போகிறவருக்கு என் தெரிவு கிளேசியர் பே. அது இல்லாவிட்டால் ஹபார்ட். நீச்சல் தடாகத்தின் அளவு இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பனியாற்றின் முன்னால் நிற்கும்போது உதவும் ஒரு சிறு விஷயம்: சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கப்பல் தள்ளியே நிற்பதால், இடிமுழக்கம் காதுக்கு வந்து சேர்வதற்குள் பனித்துண்டு தண்ணீரில் விழுந்து முடிந்திருக்கும். முகப்பில் சிறு துண்டுகள் உதிரத் தொடங்கும் இடத்திலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழலும். எனவே வலப்பக்க அறையா இடப்பக்க அறையா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. போய்த் திரும்பும் பயணத்தில் இரண்டும் ஒன்றே. ஒருவழிப் பயணத்தில் மட்டும், வடக்கே போகும்போது வலப்பக்கம் கரையை நோக்கியிருக்கும்.

மாதத்தைப் பற்றி. பருவம் ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. பாடசாலை விடுமுறையை எண்ணி ஓகஸ்டில் போகவே இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்போதுதான் விலையும் கூட்டமும் உச்சம். சல்மன் மீன்கள் ஆறேறுவதையும் அவற்றைப் பிடிக்கக் கரடிகள் வருவதையும் பார்ப்பதே நோக்கமென்றால் அந்த மாதம் சரி. அப்படி இல்லையென்றால் மே பிற்பகுதியும் ஜூன் முற்பகுதியும் மேல்: மழை ஒப்பீட்டளவில் குறைவு, மலைகளில் பனி இன்னும் மீந்திருக்கும், பகல் முடிவதே இல்லை. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறாத கொழும்பிலிருந்து போனவர்களுக்கு, ஜூன் மாத ஜூனோவின் பதினெட்டு மணி நேரப் பகல் பழகச் சற்று நேரம் எடுக்கும். துருவ ஒளியைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போகாதீர்கள். அதற்கு இருட்டு வேண்டும்.

"மழை குறைவு" என்பதையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்சிகனின் ஆண்டு மழை ஏறத்தாழ 3,800 மில்லிமீற்றர். கொழும்பின் மழை 2,400 அளவில். அந்தக் கரை முழுவதும் டொங்காஸ் என்ற மழைக்காடு, ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காடுகளில் மிகப் பெரியது. ஆகவே தடித்த குளிரங்கியைவிட நீர் புகாத மெல்லிய மேலங்கியே முக்கியம்; உள்ளே கம்பளி அடுக்குகளை வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பப் போட்டுக் கழற்றலாம். பகல் வெப்பநிலை 10 முதல் 17 பாகை வரை இருக்கும். நுவரெலியாவுக்கு எடுத்துப் போகும் சுவெற்றரோடு போக நினைத்தால், பனியாற்றிலிருந்து இறங்கி வரும் காற்றில் மேல்தளத்தில் கால் மணி நேரம் நிற்க முடியாது.

அறை விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு. பல்கனி இல்லாமல் அலாஸ்கா எதற்கு என்பது அவர் கட்சி. அறையில் இருந்து பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான், காட்சி மேல்தளத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. இறுதியில் அம்மாவுக்கு மட்டும் ஒரு பல்கனி அறை எடுத்து, நாங்கள் சன்னலற்ற உள் அறைகளில் படுத்தோம். இது ஒரு சமரசமாகத் தொடங்கி, நல்ல ஏற்பாடாகவே முடிந்தது: குளிர் தாங்காதபோது எல்லோரும் அம்மாவின் பல்கனிக்குப் போர்வையோடு போனோம், அவருக்கும் தனியாக இருக்கும் எண்ணம் வரவில்லை. உள் அறைக்கும் பல்கனி அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒருவர் ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கப் போய்வரலாம். பல்கனியா திமிங்கிலமா என்று கேட்டால் யோசிக்கவே தேவையில்லை.

இப்போது பணம். ஏழு இரவுப் பயணத்துக்கு உள் அறையில் ஒருவருக்கு, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், 1,000 டொலருக்குக் கீழே கட்டணம் போடப்படுவதுண்டு. டொலருக்கு 300 ரூபா என்று பெருக்கி, மூன்று இலட்சம்தானே என்று நினைத்துவிடுவோம். அந்த விலையில் துறைமுக வரிகள் சேராமல் இருக்கலாம். ஊழியர்களுக்கான சேவைக் கட்டணமாக ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை கணக்கில் தானாக ஏறும். ஆறு பேருக்கு ஏழு இரவுக்கு அது மட்டுமே 670 முதல் 840 டொலர் வரை. குளிர்பானமும் இணையமும் தனி. துறைகளில் கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாக்கள் இன்னும் தனி. ஹெலிகொப்டரில் பனியாற்றில் இறங்குவதற்கு 300 டொலருக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் கொழும்பிலிருந்து டோஹா அல்லது டுபாய் வழியாக வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு விமானச் சீட்டு. எங்கள் கணக்கில் விமானமும் விசாவும் சேர்ந்து கப்பலைவிடக் கூடுதலாகவே வந்தன. எனவே கொழும்பிலிருந்து போகிறவர் ஐம்பது டொலர் மலிவான கப்பலைத் தேடி ஒரு வாரத்தை வீணாக்குவதில் பொருளில்லை. அவ்வளவு தூரம் போகும் செலவைச் செய்துவிட்டு, கிளேசியர் பே இல்லாத கப்பலில் ஏறுவதே உண்மையான நட்டம்.

துறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜூனோ ஒரு மாநிலத் தலைநகர். ஆனால் வெளியூரிலிருந்து அதற்குப் போக வீதி கிடையாது, விமானம் அல்லது கப்பல்தான். அங்கே திமிங்கிலம் பார்க்கப் போங்கள். ஹவாயில் குட்டி ஈனும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் மேய்வதற்கு இந்த நீருக்கே வருகின்றன. அங்கே படகுகள் 100 யார் தூரத்துக்குள் அவற்றை நெருங்கக் கூடாது என்பது சட்டம். மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலத்தைச் சுற்றிப் படகுகள் துரத்தியதைப் பார்த்த என் மகள் அந்த இடைவெளியை உடனே கவனித்தாள். ஸ்காக்வேயில் 1900இல் கட்டி முடிக்கப்பட்ட குறுகிய பாதை ரயில் 32 கிலோமீற்றருக்குள் 873 மீற்றர் ஏறுகிறது. 1898இன் தங்க வேட்டைக்காரர்கள் குதிரைகளைச் சாகடித்துக்கொண்டு ஏறிய கணவாய் அது. மிக அழகான பாதை. ஆனால் பதுளை ரயிலில் பலமுறை போன ஒருவர் அந்தச் சீட்டுப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். அத்தான் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. கெட்சிகனில் குலமரத் தூண்களைப் பாருங்கள். கப்பல் நிற்கும் எல்லா ஊர்களிலும் துறைமுக வாசலில் வரிசையாக நிற்கும் வைரக்கடைகளைக் கடந்து இரண்டு தெரு தள்ளி நடந்தால்தான் ஊர் தொடங்கும்.

நண்பர்களின் கேள்விக்கு நான் முழுதாகப் பதில் சொல்ல முடியாத இடம் இந்த ஊர்கள்தான். ஸ்காக்வேயில் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். கோடையில் ஒரே நாளில் அதைப்போலப் பல மடங்கு பேர் இறங்குகிறார்கள். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஜூனோவுக்கு ஒரு பருவத்தில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வருகிறார்கள். அந்த ஊர் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று எல்லை போட்டது. 2026 முதல் கப்பல்களின் படுக்கைகளைக் கணக்கிட்டு, சனிக்கிழமைகளில் 12,000, மற்ற நாள்களில் 16,000 என்று நிறுவனங்களோடு உடன்பாடும் செய்திருக்கிறது. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனையை 2024 ஒக்டோபரில் வாக்கெடுப்புக்கு விட்டபோது அது தோற்றது. ஊரின் வருமானம் அதில் இருக்கிறது. எரிபொருள் புகையும் அப்படித்தான். 2001இலேயே, துறையில் நிற்கும் சொகுசுக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து இயந்திரத்தை நிறுத்தச் செய்த உலகின் முதல் துறைமுகம் ஜூனோ. ஆனாலும் அங்குள்ள துறைகள் எல்லாவற்றுக்கும் அந்த வசதி இன்னும் இல்லை. உருகும் பனியைப் பார்க்க எண்ணெய் எரித்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால், ஆம் என்றுதான் சொல்வேன். சிறிய கப்பலில் போனாலும் கொழும்பிலிருந்து பறப்பது பறப்பதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றி இங்கே நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்று முற்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் சமைத்துத் தருகிறார்கள். சமையலறையிலும் மேசையிலும் இந்தியர்கள் பலர். அம்மாவுக்குத் தினமும் பருப்பும் சோறும் தனியாக வந்தன. கருவேப்பிலை இல்லை என்ற குறையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காப்புறுதியில் சிக்கனம் வேண்டாம். கப்பலின் மருத்துவர் இலவசமல்ல. ஸ்காக்வே போன்ற ஊரிலிருந்து முதியவர் ஒருவரை விமானத்தில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் வரும் செலவு, முழுப் பயணச் செலவையும் சின்னதாக்கிவிடும். அவசர மருத்துவ இடமாற்றம் உள்ளடங்கியிருக்கிறதா, கப்பல் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு வரிகளையும் ஒப்பந்தத்தில் தேடி வாசியுங்கள். ஏற்கெனவே உள்ள நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து புறப்படுகிறவர் கப்பல் ஏறும் நாளன்று காலையில் வன்கூவரில் இறங்கும்படி சீட்டுப் போடக் கூடாது. இரண்டு விமானங்கள் மாறி வரும் பயணத்தில் ஒன்று தாமதித்தாலும் கப்பல் காத்திருக்காது. சீவர்ட், விற்றியர் வரை போகும் ஒருவழிப் பயணமென்றால், அடுத்த துறையும் ஐக்கிய அமெரிக்காவுக்குள் இருப்பதால் 1886இன் அதே சட்டம் இடையில் எங்காவது ஏறிக்கொள்வதையும் சிக்கலாக்கும். குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள், அம்மாவைப் போன்றவர்களோடு என்றால் இரண்டு நாள். துறைமுகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் அருகில் போய் இறங்கலாம்.